பதினொரு பகுதிகள் பாக்கி இருக்கையில் டிக்கெட் அனுப்பிய மகனுக்கு

என் அருமை மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் உன் அலுவலகமும் உன் மடிக்கணினியும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும் என்று முதலிலேயே வாழ்த்திவிடுகிறேன். பின்னால் திட்டும்போது, அப்பா ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை என்று நீ சொல்லக்கூடாது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி மூவரும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. ஆபரேஷன் செய்த இடது கண் தூரத்தில் இருப்பதை நன்றாகக் காட்டுகிறது. ஆபரேஷன் செய்யாத வலது கண் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு இன்னும் மங்கிக்கொண்டே போகிறது. எழுத்துப் பெரிதும் சிறிதுமாக இருந்தால் அதற்குக் காரணம் இந்த இரண்டு கண்களுக்கும் நடக்கும் சண்டைதான்.

போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் எது சொன்னாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், பின்னால் தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி பெய்கிறது. போன வாரம் சோதித்துப் பார்க்கலாமே என்று நடுவில் "வீடு பத்தி எரியுதுடா" என்று சொன்னேன். "சரிப்பா, பார்த்துக்குங்க" என்றாய். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இனி முக்கியமான விஷயம் எல்லாம் எழுத்தில்தான் என்று.

விஷயம் இதுதான். உன் மனைவிக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாய். அதை மாற்ற வேண்டும். வேண்டுகோள் என்று நினைத்துவிடாதே, நான் தீர்மானம் செய்துவிட்டேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சீனத் தொடர் முடிய இன்னும் பதினொரு பகுதிகள் பாக்கி இருக்கின்றன. நாளுக்கு ஒன்று என்பது இந்த வீட்டின் சட்டம். நீயே கணக்குப் போட்டுக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. சிரிக்காதே. சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். கல்யாணமான கையோடு நீ விமானம் ஏறிவிட்டாய், அவளுக்கு விசா வர வேண்டும் என்று இங்கே விட்டுவிட்டுப் போனாய். ஆரம்பத்தில் அவளும் நானும் டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மாதிரி இருந்தோம். "டீ வேணுமா மாமா?" என்பாள். "வேணாம்மா" என்பேன். அன்றைக்கு எங்கள் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இன்னொரு பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குக் கை அரிப்பு. மின்விசிறித் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை என்னுடையது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டு, அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, ஆட்டமோ முனகலோ இல்லை என்றால்தான் கேட்டைத் தாண்ட விடுவேன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அந்தச் சோதனையை வீட்டில் நடத்தினேன். குக்கர் விசில் சுருதி இறங்குகிறது என்றேன். உன் அம்மா நடக்கும்போது இடது செருப்பு இழுக்கிறது என்றேன். உன் மனைவி வந்த இரண்டாம் நாளே, "நீ கதவை மூடும்போது கடைசியில ஒரு சின்ன அதிர்வு வருதும்மா" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அன்றிலிருந்து ஒவ்வொரு கதவையும் பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல மூட ஆரம்பித்தாள். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சீனாக்காரர்கள். ஒரு மாடிப்படி, அதில் நாலு பேர் மூச்சுவாங்க நிற்கிறார்கள். "என்னம்மா நடக்குது இதுல?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் நடக்கல மாமா. வாஷிங் மெஷின் வாங்கியிருக்காங்க. படி குறுகல், மேல ஏத்த முடியல" என்றாள். "அப்புறம்?" "அவ்வளவுதான் மாமா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாஷிங் மெஷினை மாடி ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரமா? இதில் எத்தனை ஓட்டை இருக்கிறது பார்த்துவிடுகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன்தான்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஓட்டுநர் வேலை பார்க்கும் அப்பா, துணி தைத்துக் கொடுக்கும் அம்மா, வேலை போய் வீட்டுக்குத் திரும்பி வந்த பெரிய மகள், படிக்கும் சின்ன மகன், கீழ்வீட்டில் முடிதிருத்துபவர் ஒருவர். அவ்வளவுதான் ஆட்கள். யாரும் யாரையும் கொல்லவில்லை, யாரும் யாருக்கும் தொலைந்துபோன அண்ணன் இல்லை. ஆனால் தொடரை எடுத்தவன் செய்திருக்கிறான் பார், அதைச் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற காட்சியில் உண்மையாகவே சாப்பிடுகிறார்கள், மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். விளக்கு சுவிட்சைச் சுற்றிச் சுவரில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்கிறது. மகளுடைய பையில் ஜிப் பாதிவரைதான் போகிறது, எல்லாப் பகுதியிலும் அதே பாதிவரைதான். என் துறை என்பதால் அவர்கள் வீட்டு மேசை விசிறியைத்தான் அதிகமாகக் கவனித்தேன். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு கிறீச். மூன்றாம் பகுதியிலும் அதே கிறீச், அதற்கு அடுத்த பகுதியிலும் அதே இடத்தில் அதே கிறீச். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் வேறு ஏதோ வேலையாக எண்ணெய்ப் புட்டியோடு வந்தவர், போகிற போக்கில் விசிறிக்கு ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கிறீச் வரவே இல்லை! எந்தக் காட்சியிலும் வரவில்லை! நான் எழுந்து நின்று கை தட்டினேன். உன் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. சத்தத்தை அப்படி வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, அவன் மொழியும் தெரியாது. ஆனால் அவன் என் ஆள். அவனை நம்பி எந்த விசிறியையும் கேட் தாண்ட விடலாம்.

ஒரே ஒரு சிக்கல். பேச்சு முழுக்கச் சீனம், தமிழ் எழுத்து கீழே ஓடுகிறது. என் இடது கண் ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்து அதைத் தள்ளிவிடுகிறது. நான் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு உன் மனைவி மெதுவாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் சும்மா படித்தாள். அப்புறம் அப்பாவுக்கு ஒரு கனத்த குரல், அம்மாவுக்குக் கொஞ்சம் அலுத்த குரல், முடிதிருத்துபவருக்கு மூக்கால் ஒரு குரல் என்று ஆளுக்கொரு குரல் வைத்துவிட்டாள். என்ன பெண்டா அவள்! சில நாள் மடியில் பட்டாணித் தட்டை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டே படிக்கிறாள். கண் பட்டாணியில் இருக்கிறது, வாய் அவர்கள் உதடு அசைவதற்குச் சரியாக வசனத்தைச் சொல்கிறது. அப்படி ஓர் ஓரக்கண் நான் பார்த்ததில்லை. "நம்ம ஃபாக்டரியில இருந்திருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பா" என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவள் என்னை விடமாட்டாள். ஆரம்பத்தில் அவள் கடும் எதிர்ப்பு. அவள் பார்க்கிற தொடரில் மாமியார் ஒரு முறை திரும்பினால் கேமரா அதை மூன்று முறை காட்டுகிறது, வானத்தில் மேகம் இல்லாமலே இடி இடிக்கிறது. "அதுல ஒருத்தி விஷம் வைக்கிறா, இன்னொருத்தி டம்ளரை மாத்தி வைக்கிறா, ஒரு விறுவிறுப்பு இருக்கு. இதுல என்ன இருக்கு? பாத்திரம் கழுவுறாங்க. நான் கழுவுறதை நீங்க ஒரு நாளாவது உக்காந்து பார்த்திருக்கீங்களா?" என்றாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் நாலு மணி ஆனால் அவளுக்குக் கூடத்தைப் பெருக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பெருக்கும் வேகம் குறைந்தது. அப்புறம் ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். கடைசியில் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளை முழுசாகக் கவிழ்த்தது அந்த நாற்காலிப் பகுதி. நீ அதைப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்றே நாற்காலிகள், வீட்டில் நாலு பேர். அம்மா எப்போதும் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, வாணலியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாப்பிடுகிறாள். இது முதல் பகுதியிலிருந்தே நடக்கிறது. யாரும் சொல்லவில்லை, கேமராவும் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் வேலையில்லாத அந்த மகள் ஒரு நாள் வாசலில் நின்று அம்மாவைப் பார்க்கிறாள், திரும்பிப் போகிறாள். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பழைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், வேறு நிறம், வேறு உயரம். அம்மா அதில் ஈரத் துணியைக் காயப் போடுகிறாள். மகள் துணியை எடுத்துவிட்டு, "உட்காரும்மா" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. நான் அத்தனை வருஷம் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன், அந்த மேசையில் நாற்காலி குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் உன் அம்மா, துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே. அப்போதுதான் நான் திரும்பி நம் மேசையைப் பார்த்தேன். நம்மிடம் நாற்காலிகள் இருக்கின்றன, ஆனால் சுவரோரத்து நாற்காலியில் என் பழைய பேப்பர்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. நீ இங்கே இருந்த காலத்திலும் அப்படித்தான் கிடந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். உன் அம்மா உட்கார்ந்து, "என்ன திடீர்னு?" என்றாள். "தூசி" என்றேன்.

இதற்கப்புறம்தான் எனக்கு வேகம் பிடித்தது. அந்தத் தொடரில் சண்டை போட்டால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு கௌரவமான ஏற்பாடு! உனக்கும் எனக்கும் இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை கத்தல் மிச்சமாகியிருக்கும். ஒரு நாள் உன் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் முற்றி அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள். நான் ஓர் ஆப்பிளை அழகாக நறுக்கி, தட்டில் வட்டமாக அடுக்கி, கதவுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, நல்லவனாகிவிட்ட நிம்மதியில் பால்கனிக்குப் போனேன். அவள் எப்போதோ பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போய்விட்டிருக்கிறாள். நான் மூக்குக் கண்ணாடியை எடுக்க அறைக்கு வந்தேன், வைத்ததை மறந்துவிட்டேன், மிதித்தேன். அதுதான் முழங்கால். உன் அம்மா ஓடி வந்து தூக்கிவிட்டு, "தரையில எதுக்குங்க ஆப்பிள்?" என்றாள். மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் ஏற்பாடு வேலை செய்தது, மூன்று நாள் எனக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

அடுத்தது மேல்வீட்டு மேனேஜர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர்தான். அவர் ஏசியிலிருந்து நம் பால்கனித் துணியில் தண்ணீர் சொட்டும் தகராறில் நாங்கள் எத்தனை காலம் பேசாமல் இருந்தோம் என்று உனக்கே தெரியும். தொடரில் அப்பாவும் முடிதிருத்துபவரும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்காக முறைத்துக்கொண்டிருந்தவர்கள், ஓர் ஏணியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டி வந்தபோது சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் உற்சாகம் வந்து, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போய் மணியை அடித்தேன். அவர் கதவைத் திறந்தார், ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், "சார், எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்" என்று இரண்டடி பின்னால் போனார். சமாதானப்படுத்தி உள்ளே போய் அந்தக் குழாயைச் சரிசெய்து கொடுத்தேன். சரியாகத்தான் செய்தேன், இப்போது நம் பால்கனியில் ஒரு சொட்டு விழுவதில்லை. அவருடைய கூடத்தில் விழுகிறது. மறுநாள் நாலு மணிக்குப் புகார் சொல்ல நம் வாசலுக்கு வந்தார். உன் மனைவி அப்போது மூக்கால் பேசிக்கொண்டிருந்தாள். புகார் பாதியில் நின்றது, அவரும் நின்றார், பிறகு உட்கார்ந்தார். இப்போது தினமும் வருகிறார். வந்து கேள்வி கேட்கிறார். "இந்த ஆள் நல்லவனா, கெட்டவனா?" "நல்லவர்தான் அங்கிள், கொஞ்சம் பொறுங்க." "அப்ப கெட்டவன் யாரு?" "யாருமே இல்ல அங்கிள்." "கெட்டவன் இல்லாம கதை எப்படிம்மா நகரும்?" உன் மனைவி எரிச்சல்படாமல் பதில் சொல்கிறாள். நானாக இருந்தால் ஏசியைத் திரும்பப் பழையபடி மாற்றிவிட்டிருப்பேன்.

இப்போது கதை முக்கியமான கட்டத்தில் இருக்கிறது. மகளுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வண்டியைத் துடைக்கிறார், துடைத்த இடத்தையே துடைக்கிறார். அவர் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திறந்து, இரும்மா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது உன் அம்மாவின் கட்சி, சொல்லக்கூடாது என்பது என் கட்சி. ஆப்பிள் வரைக்கும் போன வாக்குவாதம் இதுதான். சரியாக இந்த நேரத்தில் உன் டிக்கெட் வந்து சேர்ந்தது. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். அவளுக்கு எதிலும் சம்பந்தம் தெரியும்.

நான் போனில் இதை ஜாடையாகச் சொன்னபோது, அன்றைக்கு மட்டும் அதிசயமாகக் காது கொடுத்து, நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விடுங்கப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்." என் மகனா இப்படிப் பேசுவது? வேகமாகச் சுற்றும் விசிறியில் எத்தனை இறக்கை என்றுகூடத் தெரியாதுடா. அந்த அப்பா வண்டியைத் துடைப்பதை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் என்ன தெரியும்? வண்டி சுத்தமானது மட்டும்தான் தெரியும். அப்புறம் இன்னொரு யோசனை சொன்னாய், கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிடுங்கள் என்று. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, காகிதம் தாங்காது.

அவள் போனாலும் அம்மா படித்துக் காட்டுவாளே என்பாய். அதையும் பார்த்தாகிவிட்டது. உன் மனைவி விசா வேலையாக வெளியே போன ஒரு நாள் உன் அம்மா படித்தாள். அவள் எழுத்தைப் படிப்பதில்லை, அந்த இடத்தில் தானாக இருந்தால் என்ன சொல்வாளோ அதைச் சொல்கிறாள். திரையில் அந்த அம்மா 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். உன் அம்மா, "இத்தனை நாள் இது எங்க போச்சு, இப்ப மட்டும் என்ன கரிசனம், என்னைப் பத்தி இந்த வீட்ல யார் நினைக்கிறீங்க" என்று என்னைப் பார்த்துப் படித்தாள். மேனேஜரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துச் சரிபார்ப்பதுபோலப் படிக்கிறார். அவர் சண்டையைப் படித்து முடிக்கும்போது திரையில் சமாதானமாகிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே மாற்று ஏற்பாடு கிடையாது.

இதுவரைக்கும் எழுதியது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது, எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பேனா கேட்கவில்லை. நீ அவளிடம் தினமும் பேசுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. அவள் பால்கனியில் நின்று பேசுவது எனக்குக் கேட்கும். "சாப்பிட்டீங்களா? ம். ம். சரி, வேலையைப் பாருங்க." முடிந்தது. அப்புறம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்க்கிறாள், முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருகிறாள். ஓர் அரைக்குருட்டுக் கிழவனுக்காக அத்தனை குரலில் பேசுகிற பெண், அங்கே நாள் முழுக்க நாலு சுவருக்குள் யாரிடம் பேசுவாள்? நீ இங்கே இருந்தபோதும் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மவுஸ் என்று அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டாய். எதிரில் இருந்தது யார் என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியாது. இங்கேயாவது நாலு மணி ஆனால் மூன்று முட்டாள்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறதுடா. அவளை அனுப்பப் பயமாக இருக்கிறது. உன் கணினியை மூடவைப்பது என் கையில் இல்லை. இந்தப் பதினொரு பகுதிகள் என் கையில் இருக்கின்றன.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை மாற்று. தொடர் முடிந்த பிறகு, நல்லபடியாக முடிந்ததா என்று நாங்கள் பேசித் தீர்க்க ஒரு வாரம் வேண்டும், அதையும் சேர்த்துக்கொண்டு தேதி போடு. விமானக் கம்பெனிக்காரன் காரணம் கேட்டால் குடும்பக் காரணம் என்று சொல், பொய் இல்லை. உன் அம்மா இந்தக் கடிதத்துக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் அவளும் நாலு மணிக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிறாள் என்பதையும் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, முதுகை நிமிர்த்தி உட்கார், கண்ணைப் பார்த்துக்கொள், கண் போனால் என் கதிதான். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், வரும்போது நீ தலையைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உன் மனைவியிடம் நீட்டி, "படிக்காம படம் எடுத்து அவனுக்கு அனுப்பும்மா" என்றேன். படித்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லும்மா."

"இந்தத் தொடரை நான் கல்யாணத்துக்கு முன்னாடியே முழுசாப் பார்த்துட்டேன் மாமா. ரெண்டு தடவை."

ஒரு முனகலைத் தப்பவிடாத காது, ஓர் ஆட்டத்தைத் தப்பவிடாத கண், இத்தனை நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கோட்டை விட்டுவிட்டேன். பட்டாணியைப் பார்த்துக்கொண்டு வசனம் சொன்னவளை ஓரக்கண்காரி என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்! "அப்புறம் எதுக்கும்மா தினமும் எங்ககூட உட்கார்ந்தே? மேனேஜருக்கு வேற பதில் சொல்லிக்கிட்டு?" என்றேன்.

"தனியாப் பார்த்தப்ப பாதி இடத்துல சிரிப்பே வரல மாமா. பக்கத்துல ஆள் இருந்தாத்தான் வருது. நீங்க முதல் தடவையாப் பார்க்கிறதைப் பார்க்க எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள். பிறகு, தொடரில் அந்த அப்பா வாயைத் திறப்பாரா என்று சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அங்கிருந்து தினமும் போனில் படித்துக் காட்டுகிறேன் என்றாள். அதுவும் வேண்டாம், அந்த நேரம் உன் வீட்டுக்காரனுடையது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே டிக்கெட்டை மாற்றாதே. மேலே எழுதியது எதையும் செய்யாதே. வெள்ளிக்கிழமை நானே விமான நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிடுகிறேன், முழங்கால் வந்தாலும் வராவிட்டாலும். மிச்சத்தை நானும் உன் அம்மாவும் மேனேஜரும் எப்படியோ பார்த்துக்கொள்கிறோம், கதை என்ன ஆகுமோ ஆகட்டும். இந்தப் பின்குறிப்பு அவள் கண்ணில் படக்கூடாது என்பதால் மேனேஜர் போனிலிருந்து படம் எடுத்து அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. அங்கே வந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அவள் டிவியைப் போட்டுவிட்டு, "இது வேற ஒரு சீனத் தொடராம், நல்லா இருக்குன்னு சொல்றாங்க, நான்கூட இன்னும் பார்க்கல, ஒரு பகுதி போட்டுப் பார்க்கலாமா?" என்று உன்னைக் கேட்பாள். அதையும் ரெண்டு தடவை பார்த்திருப்பாள், ஆனால் முகத்தை ஒன்றும் தெரியாததுபோல வைத்துக்கொள்வாள். கணினியை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார். அவள் சொல்வதை நம்பிவிடு.